கழுத்தில் இரண்டு விரல்

அந்த வீடியோ நாற்பத்திரண்டு நொடி ஓடும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதைப் பார்க்காதவர் பாக்கி இல்லை. சலவைப் பிரிவில் பார்த்தார்கள், சமையலறையில் பார்த்தார்கள், கண் டாக்டர் வரிசையில் நோயாளிகளை உட்கார வைத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தாராம். கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கிற மஞ்சள் பொம்மைகளை வரிசையாகப் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அதை எடுத்தது நாங்கள் மருந்துக்கடை என்று கூப்பிடுகிற பெண். எடுக்கும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தது நான். வீடியோவில் கேட்கிற அந்தக் கனைப்பு என்னுடையதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

இப்போது மிச்சத்தையும் கேளுங்கள். சிரித்தவர்கள் எல்லாரும் கேட்டே ஆக வேண்டும். கேட்கப் பொறுமை இல்லை என்றால் அந்த வீடியோவை உங்கள் போனிலிருந்து அழித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் இடத்தில் ஆளைப் பிரிவை வைத்துத்தான் கூப்பிடுவோம். நான் எக்ஸ்ரே. மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் மருந்துக்கடை. என்னைவிடப் பத்து வயது சின்னவள், வார்த்தைக்கு வார்த்தை அக்கா போடுவாள். வீடியோவில் இருப்பவள் ஆம்புலன்ஸில் போகிறவள். அவளை மட்டும் ஆம்புலன்ஸ் என்று சொல்வதில்லை, சைரன் என்போம். வண்டியின் சைரன் ரிப்பேரான ஒருநாள், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டே நாலு சிக்னலைத் தாண்டி வந்து சேர்ந்தாள். அடுத்த மூன்று நாள் தொண்டை கட்டி, சைகையில் பேசினாள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பத்தொன்பது வருஷமாக அந்த வண்டியில் போகிறாள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து கனத்த ஆளை ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது கால்மாட்டைப் பிடித்துக் கீழே முதலில் போகிறவள் அவள்தான். பாரம் முழுக்கக் கீழே இருப்பவர் தலையில்தான் இறங்கும். மாடிப்படியில் பீரோ இறக்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவளுடைய வலது தோள்பட்டையை நானே மூன்று தடவை படம் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், வண்டி வெளியே நிக்குது சீக்கிரம் எடுடி என்று என்னை விரட்டுவாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. போன இடத்தில் என்ன ஆச்சு என்று யாரையும் கேட்க மாட்டாள். நேரே போய் மண்டி போடுவாள். இரண்டு விரலைக் கழுத்தில், குரல்வளைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் வைப்பாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, விழுந்து கிடப்பவருக்குக் கழுத்துதான் என்பாள். விரல் பார்த்து முடித்த பிறகுதான் அவளுக்குக் காது திறக்கும். ஏனென்றால், சுற்றி நிற்கிற கூட்டம் முதலில் சொல்கிற வார்த்தை எப்போதும் ஒன்றுதான்.

'நடிக்கிறான்.'

பஸ் ஸ்டாண்டில் சுருண்டு கிடப்பவனைப் பார்த்து அப்படிச் சொல்வார்கள். சமையல்கட்டில் விழுந்து கிடக்கிற பெண்டாட்டியைக் காட்டி, இது இப்படித்தான் நடிக்கும் என்று புருஷன் சொல்வான். வேலைக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறான் என்று பட்டறை சூப்பர்வைசர் சொல்வார், சொல்லிக்கொண்டே அதைப் போனில் படம் பிடிப்பார். ஒரு சூப்பர்வைசரின் போனைப் பிடுங்கி சைரன் எண்ணெய் வாளியில் போட்டுவிட்டாள். விசாரணை வைத்தார்கள். நிஜமாகவே நடிக்கிறவர்களும் இருக்கத்தானே செய்கிறார்கள் என்று அதிகாரி கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் சொல்லிக் காட்டுவார்கள்: 'இருந்துட்டுப் போகட்டும் சார். என் ரெண்டு விரல் என்ன தேஞ்சா போயிடும்?'

அந்த வார்த்தை அவளை ஏன் அப்படிச் சுடுகிறது என்பது ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மத்தியானம் என் அறையில் நோயாளிக்காகக் காத்திருந்தபோது சொன்னாள். அவளுக்குப் பதினாறு, தங்கைக்குப் பதின்மூன்று. பரீட்சை நாள் காலையில் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அம்மா பதறிப்போய், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று பெரியவளைக் கேட்டிருக்கிறாள். இவள் தலை வாரிக்கொண்டே, கணக்குப் பரீட்சை இல்லையா, நடிக்கிறாம்மா என்றிருக்கிறாள். அம்மாவும் நம்பிவிட்டாள். குடல்வால் வெடித்து அன்று சாயங்காலம் தங்கை போய்விட்டாள். சொல்லி முடித்ததும் சைரன் எழுந்து, வந்திருந்த நோயாளியின் சக்கர நாற்காலியை என் மேஜைக்கு அருகில் தள்ளிவிட்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

இதெல்லாம் தெரிந்தவள் நான். இதை மறந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பயணம் மருந்துக்கடையின் ஏற்பாடு. எல்லை தாண்டி நாலு மணி நேர பஸ் தூரத்தில் ஓர் ஊர். வருஷத்தில் ஒரு வாரக்கடைசியில் அந்த ஊர்த் தெருக்களை வண்டிகளுக்கு அடைத்துவிட்டு வித்தைக்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள். நெருப்பை விழுங்குபவர், கம்பியில் நடப்பவர், சிலையாக நிற்பவர், கோமாளி என்று இருநூறு பேர் வருவார்களாம். மூன்று பேருக்கும் ஒரே சனி ஞாயிறு லீவு கிடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. சைரன் அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டுபவர், வீட்டில் இருக்கிற நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மகள் விடுதியில் படிக்கிறாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஊரை விட்டுப் போனதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோனதுதான். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வாங்கியதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மை காயட்டும், மூடாதே என்று என்னை வேறு அதட்டினாள்.

சனிக்கிழமை மத்தியானம் பெரிய சதுக்கத்தில் கோமாளியின் ஆட்டம். கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஆள், தொளதொளவென்று கோட்டு, மூக்கில் சிவப்பு உருண்டை. இடுப்பில் சின்ன டிரம்மைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவன் மனைவி என்று பார்த்ததுமே தெரிந்தது. அவன் காலை எடுத்து வைப்பதற்கு முன்பே அவள் குச்சி விழுந்துவிடும். பேச்சே கிடையாது. ஓட்டை நாற்காலி ஒன்றை வைத்துக்கொண்டு அவன் ஓடினான், குதித்தான், தடுக்கி விழுந்தான், எழுந்து நாற்காலியை அடித்தான். இருபது நிமிஷம். அந்த ஊர் மொழி தெரியாத எங்களுக்கே வயிறு வலித்துப் போயிற்று. சைரனும் சிரித்தாள், இல்லை என்று சொல்லவில்லை.

பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுழன்று அப்படியே மல்லாந்து விழுந்தான். டிரம் நின்றது. கூட்டம் சிரித்தது. அவன் அசையவில்லை. கூட்டம் இன்னும் சிரித்தது. மனைவி குச்சியால் அவன் செருப்பைத் தட்டிவிட்டுத் தோளைக் குலுக்கினாள். அதற்கும் சிரிப்பு. என் பக்கத்தில் சைரன் முணுமுணுவென்று எண்ண ஆரம்பித்தாள். பத்து வந்ததும் கயிற்றைத் தாண்டிவிட்டாள்.

வீடியோ அங்கிருந்துதான் தொடங்குகிறது. பூப்போட்ட சுடிதாரும் தோளில் பையுமாக நாற்பத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி ஓடிப்போய் மண்டி போடுகிறாள், அவன் தாடையை நிமிர்த்துகிறாள், மூக்கருகே காதை வைக்கிறாள். அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து கூட்டத்தைப் பார்க்கிறான், உதட்டைக் குவித்து அவளுக்கு முத்தம் கேட்கிறான். சதுக்கமே அதிர்கிறது. அவள் எழவில்லை. அவன்தான் குதித்து எழுந்து, தன் சிவப்பு மூக்கைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டுகிறான், ஒரு புனலை அவள் முதுகில் வைத்துக் காது கொடுத்துக் கேட்கிறான், உதட்டைப் பிதுக்கிப் பிழைக்காது என்று கை விரிக்கிறான். அவள் மரம் மாதிரி நிற்கிறாள். அங்கே வீடியோ முடிகிறது, என் கனைப்போடு.

திரும்பி வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. மூக்கு உருண்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். நாங்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

'அவனுக்குப் பல்ஸ் சரியில்லை' என்றாள்.

மருந்துக்கடைக்கு அது இன்னும் பெரிய நகைச்சுவையாகப் போயிற்று. போதும்க்கா, வேஷத்தைக் கலைத்துவிட்டு வாங்க, ஆட்டம் முடிந்துவிட்டது என்றாள். சைரன் சிரிக்கவில்லை. இருபது நிமிஷம் குதித்தவனுக்கு நாடி நிமிஷத்துக்கு நூற்றிருபதாவது இருக்க வேண்டும், நாற்பதுதான் ஓடுகிறது, அதிலும் நடுவில் நடுவில் நின்று போகிறது, அவன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். சிரித்துக்கொண்டே நடந்த எங்களை அங்கேயே நிறுத்தி, திரும்பப் போய்ச் சொல்லலாம் என்றாள். எந்தப் பாஷையில் என்று நான் கேட்டேன். அதற்குள் அந்த ஆளைச் சுற்றிப் படம் எடுத்துக்கொள்கிற கூட்டம். ஒதுக்கிக்கொண்டு போனவளைப் பார்த்ததும் அவன் மறுபடியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சொருகினான், எல்லாரும் கைதட்டினார்கள். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

அன்று முழுக்க எங்களை வாட்டி எடுத்தாள். கம்பியில் நடப்பவரைப் பார்க்கப் போனால் இவள் தரையைப் பார்க்கிறாள். போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தி நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் அவளுக்குத்தான் நெஞ்சுவலி என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். மருந்துக்கடை நேரவாரியாகப் போட்டுவைத்திருந்த திட்டம் நாறிப்போயிற்று. எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு வருஷம் காத்திருந்து வந்தது இதற்கா? ஆஸ்பத்திரியில்தான் ஆஸ்பத்திரி என்றால் இங்கேயுமா?

சாயங்காலம் அறைக்கு வந்தோம். மூன்று கட்டில், ஒரு ஜன்னல், கெட்டில் ஒன்று. மருந்துக்கடை போனில் தேடிப் பிடித்து ஒன்றைப் படித்துக் காட்டினாள்: வித்தைக்காரர்கள் அக்குளில் சின்னப் பந்து ஒன்றை இடுக்கிக்கொண்டு அழுத்தினால் நாடி நின்றுவிடுமாம், பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்களாம். காலகாலமாக இருக்கிற தந்திரமாம். பாத்தீங்களாக்கா, பந்துக்காக இவ்வளவு பாடு என்று சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. விஷயம் தீர்ந்தது, தேநீர் குடிக்கலாம் என்று கெட்டிலைப் போடப் போனேன்.

'நான் கையில எங்க...' என்று சைரன் ஆரம்பித்தாள்.

நான் அவளை முடிக்க விடவில்லை. நாள் முழுக்கச் சேர்ந்திருந்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

'போதும்டி. அத்தனை பேர் முன்னாடி அசிங்கமாப் போச்சு உனக்கு. அதை மறைக்கத்தான் இவ்வளவும். சும்மா நடிக்காத.'

சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. சொன்னபோது எனக்குச் சரியான பதிலடி கொடுத்த திருப்திதான் இருந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில். பிறகு கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மருந்துக்கடை வீடியோவை ஆஸ்பத்திரி குரூப்பில் போட்டாள், போடட்டுமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எழுந்தபோது சைரனின் கட்டில் விரிப்பு ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டு எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள், பசித்தால் வருவாள் என்று நாங்கள் ரொட்டியைத் தின்றோம். குரூப்பில் இருநூற்றுச் சொச்சம் பதில் வந்திருந்தது. ஒருவர் விடாமல் கிண்டல். அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ், நம்ம சைரனுக்கு அங்கே மாப்பிள்ளை கிடைத்துவிட்டாரா என்று கேட்டிருந்தாள். அதற்குச் சிரிப்பதற்காகத்தான் வீடியோவை மறுபடி ஓட்டினேன்.

இந்தத் தடவை அவள் கையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. படம் எடுத்துப் படம் எடுத்தே பழகிய கண், எலும்பு இருக்கிற இடத்துக்குத் தானாகப் போகும். நிறுத்தி, பெரிதாக்கினேன். அவன் முத்தம் கேட்கும்போது, கூட்டம் அதிரும்போது, அவன் எழுந்திருக்கிற வரைக்கும், அவளுடைய இரண்டு விரல் அவன் கழுத்தை விட்டு விலகவில்லை. மணிக்கட்டைத் தொடவே இல்லை. அக்குளில் பந்தை இடுக்கினால் கைக்குப் போகிற ரத்தம்தான் நிற்கும். கழுத்துக்கு எந்தப் பந்தும் ஒன்றும் செய்யாது. இருபத்து நாலு வருஷம் மனுஷ உடம்பின் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு இது தெரியாதா? எல்லாம் தெரியும். நான் கையில எங்க பாத்தேன் என்று அவள் சொல்ல வந்ததை, கெட்டில் கொதிக்கட்டும் என்று நான் அடைத்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. போனை மருந்துக்கடையின் முகத்துக்கு நேரே நீட்டி, இது கழுத்தா கையா என்று கத்தினேன். அவள் பயந்துபோய்க் கழுத்துக்கா என்றாள். அவளைத் திட்டி என்ன பிரயோஜனம். சாப்பிட்டதைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

கோமாளியின் பகல் ஆட்டம் மூன்று மணிக்கு. எங்கள் பஸ் ஐந்து மணிக்கு. சைரனைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தோம். கடைசியில் அவள் சதுக்கத்திலேயே, கயிற்றுக்கு முன்னால், காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணியிலிருந்து அங்கேதான் இருக்கிறாளாம். இடம் போய்விடும் என்று தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. நான் பக்கத்தில் குந்தி, கழுத்துல பாத்திருக்க என்றேன். ஆமாம் என்று தலையாட்டினாள், அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. நேற்றுப் போலவே நாற்காலி, ஓட்டம், குதி. நேற்றுச் சிரித்த இடத்திலெல்லாம் இன்று நான் அவன் மூச்சைப் பார்த்தேன். ஒரு குதிக்கும் அடுத்த குதிக்கும் நடுவில் அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நேற்று நான் தமாஷ் என்று நினைத்திருந்தேன். உதடு வெளுத்திருந்தது. மூக்கு உருண்டையைப் பார்த்தவர்கள் யாரும் உதட்டைப் பார்க்கவில்லை. நானும்தான்.

நெஞ்சைப் பிடித்தான், சுழன்றான், விழுந்தான். டிரம்காரி நேராக எங்கள் பக்கம் வந்தாள். சைரனை அவளுக்கு ஞாபகம் இருந்தது. நேற்று விழுந்த சிரிப்பு இன்றைக்கும் வேண்டும். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தாள். கூட்டம் கைதட்டிற்று. சைரன் போனாள். மண்டி போட்டாள். விரலை வைத்தாள்.

அவன் ஒரு கண்ணைத் திறந்து உதட்டைக் குவித்தான். சிரிப்பு. எழுந்திருக்கப் பார்த்தான். அவள் இன்னொரு கையை அவன் நெஞ்சில் வைத்து அழுத்திவிட்டாள். மூன்றாம் மாடியிலிருந்து ஆளை இறக்குகிற கை அது. அவன் காலை உதைத்துக் காட்டினான், கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான், கூட்டம் உருண்டு புரண்டது. அவள் தலையை ஆட்டி அவன் மனைவியைக் கூப்பிட்டாள். அவளும் இதை ஆட்டம் என்றே நினைத்து டிரம்மோடு குலுங்கிக் குலுங்கி வந்து குனிந்தாள். சைரன் அவளுடைய இடது கையைப் பிடித்து, இரண்டு விரலைத் தேர்ந்தெடுத்து, புருஷன் கழுத்தில் வைத்தாள்.

அந்தப் பெண் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். பிறகு தமாஷுக்காக, விரலில் படுகிற துடிப்பை வலது கைக் குச்சியால் டிரம்மில் தட்ட ஆரம்பித்தாள். டும். டும். டும். ஜனங்களுக்கு அது பிரமாதமாகப் பிடித்துவிட்டது, கூடவே கைதட்டினார்கள். டும். டும். அப்புறம் குச்சி மேலேயே நின்றது. அடுத்தது வரவில்லை. கைதட்டத் தூக்கிய கைகளும் நின்றன. அந்த நிற்பைப் பார்த்துத்தான் அந்த நாளிலேயே பெரிய சிரிப்பு எழுந்தது. நானாவது நேற்றோடு விட்டேன், அந்தச் சதுக்கத்தில் அன்று ஆயிரம் பேர் ஒரு மனுஷனின் நெஞ்சு நிற்பதைக் கேட்டுச் சிரித்தார்கள். டும் என்று ஒன்று வந்தது. டும். மறுபடியும் குச்சி மேலே நின்றது.

தாளம் தெரிந்தவள் அவள். எத்தனை வருஷமாக அவன் காலுக்குத் தட்டுகிறாளோ. அவள் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்ததை முன்வரிசையில் இருந்த நாங்கள் பார்த்தோம். குச்சியைக் கீழே போட்டாள். அவன் சாமர்த்தியமாக எழுந்து உட்கார்ந்து மூக்கை ஆட்டி ஏதோ செய்தான். அவள் அந்த மூக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்த ஆரம்பித்தாள். எங்களுக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. எப்போதிலிருந்து, ஏன் சொல்லவில்லை, நான் யார் உனக்கு. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்படியானால் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

சதுக்கத்தின் மூலையில் முதலுதவி வண்டி நின்றது. நான் ஓடிப்போய் அதிலிருந்த மொட்டைத்தலைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். என் வயது இருக்கும் அவருக்கு. வந்தவர் கூட்டத்தைக் கேட்கவில்லை, எங்களைக் கேட்கவில்லை. மண்டி போட்டு, கழுத்தில் இரண்டு விரலை வைத்து, மற்றக் கையில் கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிஷம் கழித்து நிமிர்ந்து சைரனைப் பார்த்தார். அவள் நாலு விரலைக் காட்டினாள், பிறகு கையை வட்டமாகக் குவித்தாள்: நாற்பது. முஷ்டியை மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திறந்தாள்: நடுவில் நிற்கிறது. நேற்றுக்கும் சேர்த்து இரண்டு தடவை காட்டினாள். அவர் தலையசைத்தார். வேறு ஒன்றும் கேட்காமல் ஸ்ட்ரெச்சருக்குக் கை காட்டினார். தூக்கும்போது கால்மாட்டைச் சைரன் பிடித்தாள். அவர் அதைத் தடுக்கவும் இல்லை.

வண்டி கிளம்பியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கோமாளி உடையில் அந்தப் பெண் பின்கதவருகே உட்கார்ந்து அழுதுகொண்டு போகிறாள், இவர்கள் விசில் அடிக்கிறார்கள். இதையும் படம் பிடித்தார்கள். எனக்கு அங்கேயே இரண்டு பேரை அறைய வேண்டும் போலிருந்தது. யார் யாரை அறைவது? என் பக்கத்தில் நின்று மருந்துக்கடை அழுதாள், போனிலிருந்து வீடியோவை அழிக்கத் தெரியாமல் தட்டித் தட்டிப் பார்த்தாள். அழித்து என்ன, அது ஏற்கெனவே இருநூறு போனில் இருக்கிறது.

அவனுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது சைரன் எனக்கு நாலடி முன்னால் போனாள். மன்னிச்சுக்கடி என்று நான் முதுகைப் பார்த்தே சொன்னேன். மருந்துக்கடையும் ஏதோ சொன்னாள், பந்து பற்றிப் படித்தது தப்புத்தான் என்று. அவள் நிற்கவில்லை. பஸ் நிலைய வாசலில் மூச்சு வாங்க நின்றபோது நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டாள்.

'அந்த மொட்டைத்தலை என்னை ரெண்டு நிமிஷம்தான் பாத்தான்' என்றாள். 'எம் பேரு தெரியாது, பாஷை தெரியாது. அவன் நம்பினான். நீ பத்தொம்பது வருஷமா என்னைப் பாக்குற. எந் தங்கச்சி கதையும் உனக்குத் தெரியும்.'

அவள் பஸ்ஸில் ஏறி, எங்கள் மூவருக்கும் போட்டிருந்த இருக்கையைத் தாண்டிப் போய், முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாலு மணி நேரம் நான் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.